எழுபத்துநாலு மொடல் ஏறிய மலை

லண்டனில் சட்டன் பகுதியில் ஞானேஸ்வரன் வீட்டை யாரிடம் விசாரித்தாலும் கதவிலக்கம் சொல்லமாட்டார்கள். வாசலில் புல்வெட்டும் மெஷின்கள் வரிசை கட்டி நிற்கும், அதுதான் வீடு என்பார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஸ்டார்ட் ஆக மறுக்கிற எதுவும் கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரின் மரம் அரிகிற மெஷின், சாப்பாடு கொண்டு திரிகிறவர்களின் ஸ்கூட்டர், கோயில் திருவிழாவுக்கு வெளிச்சம் கொடுக்கிற ஜெனரேற்றர். மனுஷன் திறந்து பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், ஏதோ ஒன்றைக் கழற்றித் துடைப்பார். அது உறுமும். சும்மா சொல்லக்கூடாது, கைராசிக்காரர்.

ஆனால் அந்த வாய் இருக்கிறதே! அதுதான் அவர் மனைவி செல்வமலருக்குத் தீராத தலையிடி. கல்யாண வீடோ, பெண் பெரியவளாகிற சாமத்திய வீடோ, நாலு பேர் கூடினால் போதும், இவர் பேச்சை நைஸாக வட நோர்வேக்குத் திருப்பி, தன் பனி ஸ்கூட்டரில் ஏற்றிவிடுவார். பனி ஸ்கூட்டர் என்றால் முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்கு அகலமான ரப்பர் பட்டி, நடுவில் பெற்றோலும் எண்ணெயும் கலந்து குடிக்கிற டூ ஸ்ட்ரோக் எஞ்சின். லண்டனில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்காதீர்கள். கேட்டால் ஒரு மணித்தியாலம் போய்விடும்.

அவர் எண்பத்தேழில் யாழ்ப்பாணத்தை விட்டு நோர்வேக்குப் போனவர். மீன் தொழிற்சாலை வேலை, நாட்டின் வடக்கு ஓரத்தில் ஒரு கரையோரக் கிராமம். மார்கழி, தை மாதங்களில் அங்கே சூரியன் எழும்பவே எழும்பாது. கூடப் போன பெடியள் எல்லாம் அந்த இருட்டைப் பார்த்துப் போனில் அழுதுகொண்டிருக்க, இவர் மட்டும் தபால்காரரின் பனி ஸ்கூட்டரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு துறைமுகத்தில் நின்றாராம். முதல் வருடம் மிச்சம் பிடித்த காசில் ஜாக்கெட் வாங்கவில்லை. ஒரு கிழட்டு ஸ்கூட்டர் வாங்கினார். எழுபத்துநாலாம் ஆண்டு மொடல், ஒற்றைச் சிலிண்டர். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தபோது செல்வமலர் ஆசையாக வாங்கிய சோபா நோர்வேயில் நின்றுவிட்டது, ஸ்கூட்டர் வான் வண்டியில் ஏறி வந்துவிட்டது. அந்தக் கோபம் அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அவருக்குப் பிறவி எதிரி பீற்றர். எதிரி என்றால் ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்ட எதிரி. பாசையூர்க்காரன், இவரைவிட இளையவன், இப்போது லண்டனிலேயே அப்டன் பார்க்கில் மீன்கடை வைத்திருக்கிறான். அவனிடம் இருப்பது அதே கம்பனியின் எழுபத்தேழு மொடல், இரட்டைச் சிலிண்டர். ஞானேஸ்வரன் லண்டனுக்கு வந்த பிறகு எண்பதாம் ஆண்டு மொடல் ஒன்றையும் வாங்கிக் கராஜில் போட்டார். ஆக மூன்று மொடல் எஞ்சின், இரண்டு மனுஷர், ஓயாத சண்டை.

"எழுபத்துநாலு அடியில இருந்தே இழுக்கும். உன்ரது கத்தி முடிஞ்ச பிறகுதான் இழுக்கும்" என்பார் இவர்.

"கத்தினாலும் போய்ச் சேரும் அண்ணை. உங்கட ஒத்தைச் சிலிண்டர் இருமி இருமி வழியில படுத்திடும்" என்பான் அவன்.

எண்பதாம் ஆண்டு மொடலுக்கு எண்ணெயைத் தானே கலக்கத் தெரியும், குளிரில் ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆகும், பலமும் கூட. அதை இரண்டு பேருமே ஒத்துக்கொள்வார்கள். அதனாலேயே அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

இந்தச் சண்டையில் ஞானேஸ்வரனிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. அதுதான் மூத்தவன் ஆரணன் பிறந்த கதை.

அது ஒரு தை மாதம். செல்வமலருக்கு நாளுக்கு முன்னமே வயிற்றுக்குத்து தொடங்கிவிட்டது. கிராமத்தில் டாக்டர் இல்லை. இரண்டு நாள் சூறையில் ரோட்டு மூடி, பனி தள்ளுகிற லொறியும் இடையில் புதைந்து கிடந்தது. ஹெலிகொப்டர் வர ஏலாது என்றுவிட்டார்கள். பீற்றர் அந்த வாரம் ஒஸ்லோவில் நின்றான், அவன் ஸ்கூட்டர் பூட்டிக் கிடந்தது. ஞானேஸ்வரன் தன் எழுபத்துநாலின் பின்னால் ஒரு சறுக்கு வண்டியைக் கட்டி, அதில் மனைவியைக் கலைமான் தோலாலும் போர்வைகளாலும் முகம்வரை மூடிப் படுக்கவைத்து, மலையைத் தாண்டி அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிள்ளை கழுத்தில் கொடி சுற்றியபடி பிறந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

"என்ர எழுபத்துநாலு ஏத்தினது" என்று ஞானேஸ்வரன் இந்தக் கதையை முடிப்பார். எத்தனையோ தரம் கேட்ட கதை. அலுத்துப்போனது என்று செல்வமலர் வெளியில் நடிப்பாள். ஆனால் மனம் சோர்ந்த நேரங்களில் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற கதையும் அதுதான்.

போன மாசி மாதம் ஆரணனின் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் கொண்டாட்டம். சட்டனில் ஹோல் எடுத்துச் செய்தார்கள். மருமகள் துஷ்யாவின் ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள். புது ஆட்களைக் கண்டதும் மனுஷன் விட்டாரா? மைக்கைப் பிடித்துத் தொடங்கிவிட்டார். மலை, சூறை, எழுபத்துநாலு எல்லாம் வந்தது. அவர் முடிக்கமுதல் பீற்றர் வடைத் தட்டோடு எழும்பினான்.

"அண்ணை, புழுகிறதுக்கும் ஒரு அளவு வேணும். அந்த மலை, புதுப்பனி, நீங்கள், அக்கா, சறுக்கு வண்டி. இவ்வளவையும் ஒத்தைச் சிலிண்டர் இழுத்ததோ? சத்தியமா இழுக்காது. வேற ஆரின்ரயும் ஸ்கூட்டரை எடுத்தனீங்கள், இல்லாட்டி வேற வழியால போனனீங்கள்!"

ஹோல் முழுக்கச் சிரித்தது. ஆரணனும் சிரித்தான். பகிடிக்குச் சிரித்த சிரிப்புத்தான். ஆனாலும் மகன் சிரித்ததைக் கண்ட ஞானேஸ்வரனின் முகம் சுருங்கிப்போனதைச் செல்வமலர் பார்த்துவிட்டாள்.  பீற்றர் மேல் அவளுக்கு எரிச்சல், அதைவிடப் பெரிதாக ஒரு பயம். எஞ்சினைப் பற்றிப் பீற்றருக்கும் தெரியும். அவன் சொன்னது சரியென்றால் இந்த மனுஷன் இத்தனை வருடமும் தன்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். தன்னையும் பிள்ளையையும் காப்பாற்றியது யார் என்றே தெரியாமல்தான் வாழ்ந்திருக்கிறாளோ?

"வா, மூண்டு ஸ்கூட்டரையும் மேட்டில இழுத்துப் பாப்பம்" என்றார் ஞானேஸ்வரன். மைக் இன்னும் கையில் இருந்தது.

இடம் பிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. சட்டனுக்குத் தெற்கே, குதிரைகள் வளர்க்கிற ஒரு பெண்மணியின் புல்வெட்டியை இவர்தான் திருத்திக் கொடுப்பவர். அவளிடம் நல்ல சரிவான புல்வெளி ஒன்று இருந்தது. பனி இல்லாமல் ஓடினால் பட்டிக்குள் இருக்கிற பிளாஸ்டிக் சூடேறி உருகிவிடும். அதனால் நல்ல மழை பெய்து புல் சொதசொதவென்று நனைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போனார்கள். மீன் நாற்றம் வீசுகிற தன் வானில் பீற்றர் எழுபத்தேழைக் கொண்டுவந்தான், கூடவே பத்துக் கிலோ அரிசி மூட்டைகளும். சறுக்கு வண்டியில் நிறைமாதப் பெண்ணுக்குப் பதில் அரிசி. குதிரைகள் வேலிக்கு அப்பால் நின்று இந்தக் கூத்தைப் பார்த்தன.

"அண்ணை அப்ப ஈர்க்குச்சி. இப்ப தொப்பை. நியாயமாப் பாத்தா அதுக்கு ஒரு மூட்டை கழிக்கவேணும்" என்று பீற்றரே ஒரு மூட்டையை இறக்கி வைத்தான். சண்டைக்காரன்தான், களவு செய்யமாட்டான். ஞானேஸ்வரன் எஞ்சின் மூடிக்கு விபூதி பூசினார், பீற்றர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

முதலில் எண்பது. அது மூட்டைகளையும் ஞானேஸ்வரனையும் தூக்கிக்கொண்டு மேல்வேலி வரை ஒரு முனகலும் இல்லாமல் போய்வந்தது. அடுத்தது எழுபத்தேழு, பீற்றர் ஓட்டினான். பாதியில் திணறியது, பட்டி சேற்றை வாரி இறைத்தது. பிறகு சத்தம் உச்சத்துக்குப் போய் உயிர் வந்து, கத்திக்கத்தி மேலே ஏறிவிட்டது. பீற்றர் அங்கே நின்று கையைத் தூக்கிக் காட்டினான்.

மூன்றாவதாக எழுபத்துநாலு. ஸ்டார்ட் ஆனதும் குப்பென்று நீலப் புகை. சரிவின் அடியைத் தாண்டவில்லை, விக்கி விக்கி அடங்கிவிட்டது. ஞானேஸ்வரன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். கரியாகி நனைந்திருந்தது. திரும்ப இழுத்தார், திரும்ப அடங்கியது. செல்வமலருக்கு அழுகை வந்தது.

பீற்றர் குனிந்து காபரேற்றரைப் பார்த்தான். "அண்ணை, இது என்ன ஜெட்?"

ஜெட் என்பது எஞ்சினுக்குப் பெற்றோல் போகிற சின்னத் துளை. காற்று குளிரக் குளிர எஞ்சின் கூடுதலாகப் பெற்றோல் கேட்கும், அதற்குப் பெரிய துளை வேண்டும். வெயில் ஏற ஏறச் சின்னத் துளை போதும்.

"அண்டைக்கு மலை ஏறேக்க இருந்த ஜெட்" என்றார் ஞானேஸ்வரன்.

"அப்ப இருந்து மாத்தவே இல்லையோ?"

"அதை எப்பிடியடா மாத்துறது? அது என்ர பிள்ளை பிறந்த அண்டு இருந்தது."

ஊரில் உள்ள எல்லா எஞ்சினுக்கும் வைத்தியம் பார்க்கிற மனுஷன், தன் எஞ்சினை மட்டும் சாமி அறைப் படம்போல வைத்திருந்திருக்கிறார்! பீற்றர் தலையில் அடித்துக்கொண்டான். "மைனஸ் முப்பது பாகைக் குளிருக்குப் போட்ட ஜெட்டோட பங்குனி மாசத்து லண்டனில நிண்டா அது பெற்றோலில மூழ்கித்தான் சாகும்" என்று திட்டிக்கொண்டே வானுக்குப் போய், தன்னிடமிருந்த சின்ன ஜெட் ஒன்றைக் கொண்டுவந்து தானே பூட்டினான். தான் தோற்கக்கூடும் என்று தெரிந்தும் பூட்டினான். அதற்காக அவனுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

இப்போது எழுபத்துநாலு பாடியது. புகை இல்லை. அடியிலிருந்தே இழுக்கும் என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. எழுபத்தேழு திணறிய இடத்தில் இது திணறவே இல்லை. செல்வமலர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஏறுகிறது, ஏறுகிறது. சரிவு நிமிர்கிற இடம் வந்ததும் சத்தம் இறங்கியது, வேகம் இறங்கியது, பட்டி நின்ற இடத்திலேயே சுற்றியது. ஞானேஸ்வரன் குனிந்தார், முன்னுக்குச் சாய்ந்தார், எழும்பி நின்றார். ஒன்றும் சரிவரவில்லை. இன்னொரு மூட்டையை இறக்கிவிட்டு ஏறினார், அதே இடத்தில் நின்றது. மூட்டைகளை முழுக்க இறக்கினால் அவரோடு மட்டும் ஏறியது. மூட்டைகளும் அவரும் என்றால் அது ஏறாது. அவ்வளவுதான் அந்த எஞ்சின்.

பீற்றர் வென்றுவிட்டான். ஆனால் அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. "அந்த மலை இதைவிடச் செங்குத்து அண்ணை. புதுப்பனி வேற" என்று மெதுவாகச் சொன்னான். "அண்டைக்கு நான் என்ர ஸ்கூட்டர்ச் சாவியைக் குடுத்திட்டுப் போயிருந்தா..." என்று எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டான்.

"சரி, சாப்பிடுவம். இடியப்பத்தை எடு, மலர்" என்றார் ஞானேஸ்வரன்.

"இடியப்பம் கிடக்கட்டும்." செல்வமலர் அசையவில்லை. "ஆரின்ர ஸ்கூட்டரில என்னைக் கொண்டுபோனனீங்கள்?"

"இதிலதான்."

"இது ஏறாதெண்டு இப்ப என்ர கண்ணால பாத்தனான்."

"இதிலதான் மலர். சத்தியமா இதிலதான்."

"அப்ப எப்பிடி?"

அவர் கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த இடத்தைத் திரும்பத் துடைத்தார். அவளுக்கு வந்ததே கோபம்! விறுவிறென்று போனாள், மீதி மூட்டைகளையும் புல்லில் உருட்டித் தள்ளினாள், சறுக்கு வண்டியில் தானே ஏறிக் காலை நீட்டி இருந்தாள்.

"உனக்கென்ன விசரே? முழங்கால் நோகுதெண்டு மாடிப்படி ஏற மாட்டன் எண்டுறாய், இதில ஏறியிருக்கிறாய்!"

"அண்டைக்கு எப்பிடிக் கொண்டுபோனனீங்களோ, அப்பிடி என்னைக் கொண்டுபோய் மேல விடுங்கோ. இல்லாட்டி நான் இதை விட்டு இறங்கமாட்டன்."

அவளைத் தெரியாதா அவருக்கு? இறங்கமாட்டாள்.  ஞானேஸ்வரன் எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் செய்தார். ஆனால் ஏறி இருக்கவில்லை. ஸ்கூட்டரின் வலப்பக்கம் போய் நின்று, கைபிடியைப் பற்றி, அக்சிலேற்றரை விரலால் அமத்தினார். வண்டி நகர்ந்தது. அவர் பக்கத்தில் நடந்தார். சரிவு ஏற ஏற நடை ஓட்டமானது. அறுபத்தாறு வயது மனுஷன், மழை நனைத்த புல்லில், ஒரு கையால் கைபிடியைப் பிடித்து, மற்றக் கையால் இருக்கையைத் தள்ளித் தள்ளி ஓடினார். எந்த இடத்தில் தள்ளவேண்டும், எப்போது விரலைத் தளர்த்த வேண்டும் என்பதெல்லாம் அந்த உடம்புக்குத் தெரிந்திருந்தது. இதை முதல்தரம் செய்கிறவன் இப்படி ஓடமாட்டான்.

எழுபத்துநாலு நின்றுபோன இடம் வந்தது. அது நிற்கவில்லை, ஏறியது.

"பயப்பிடாதை மலர், இது இழுக்கும்!" என்று மூச்சு வாங்கக் கத்தினார் அவர். தன்னை அறியாமல்தான் கத்தியிருக்க வேண்டும்.

செல்வமலர் கண்ணை மூடினாள். இதே சொல், இதே மூச்சு. அன்றைக்குப் போர்வைக்குள் வேதனையில் முறுகிக் கிடந்தபோது அவளுக்குக் கேட்ட குரல். ஸ்கூட்டரில் ஏறி இருந்து ஓட்டுகிறவனின் குரல் முன்னுக்கு, மேலே இருந்தல்லவா கேட்கவேண்டும்? அது ஒரு பக்கமாக, கீழே இருந்து வந்தது. இத்தனை வருடமும் அதை அவள் யோசித்ததே இல்லை.

மேல்வேலிக்கு வந்ததும் ஞானேஸ்வரன் எஞ்சினை நிறுத்திவிட்டுப் புல்லில் அப்படியே குந்தினார். நெஞ்சு விசிறிபோல அடித்தது. அவள் இறங்கி அவர் முன்னால் நின்றாள்.

"மலை முழுக்க நடந்தனீங்களோ?"

"ஏற்றம் மட்டும். மேல வெளியில ஏறி ஓட்டினனான்."

"இடுப்பளவு பனியில."

"சில இடத்தில நெஞ்சளவு. ஒருக்கா விழுந்து போனன். ஏன் நிக்குது எண்டு நீ கத்தினனீ. பிளக் அடைச்சுப்போச்சு எண்டு சொன்னனான்."

"ஏன் இதை ஒரு நாளும் சொல்லேல்லை? ஊரெல்லாம் எஞ்சின், எஞ்சின் எண்டு..."

அவர் வேலிக்கு அப்பால் நின்ற குதிரைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வெளிக்கிடேக்க இது எங்களை இழுக்குமோ எண்டு நீ கேட்டனீ. இழுக்கும் எண்டு சொன்னனான். நீ என்ர சொல்லை நம்பித்தான் அதில படுத்தனீ. இழுக்கேல்லை எண்டு தெரிஞ்சிருந்தா அந்த வயிறோட நீயும் இறங்கி நடந்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதே? பிறகு ஆஸ்பத்திரியில கண் முழிச்ச உடன, 'நல்ல எஞ்சின் அப்பா' எண்டு சிரிச்சனீ. அதுக்குப் பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது?"

ஐயோ, இப்படியும் ஒரு மனுஷன்! செய்ததை நான்தான் செய்தேன் என்று சொல்லாமல், ஒரு கிழட்டு இரும்புக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பதற்காக ஊரூராக வாயடித்து, கடைசியில் பொய்யன் என்றும் பெயர் கேட்டு, அதையும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். செல்வமலருக்கு அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, காலில் விழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், பக்கத்தில் ஈரப் புல்லிலேயே இருந்து சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

பீற்றர் ஏறி வந்தான். கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தான், அவனுக்கு விளங்கியிருந்தது. ஏதோ பகிடி சொல்லப் போகிறவன்போல வாயைத் திறந்தான்.  "அண்ணை" என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணைப் புறங்கையால் தேய்த்தான்.

"நீதானடா வெண்டனீ. எழுபத்தேழு திறம் எஞ்சின். போதுமே?" என்றார் ஞானேஸ்வரன்.

அப்போது செல்வமலரின் போன் அடித்தது. ஆரணன். வேலையில் நின்றபடி, முடிவை அறியும் ஆவலில் எடுத்திருந்தான். பின்னால் ஆட்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது, கூட வேலை செய்பவர்களுக்கும் கதை சொல்லிவிட்டான் போலிருக்கிறது.

"அம்மா, என்ன முடிவு? எழுபத்துநாலு ஏறிச்சுதோ?"

ஞானேஸ்வரன் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். சொல்லாதே, சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினார். அவள் அவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இல்லை ராசா. எஞ்சின் ஏறேல்லை. அது அண்டைக்கும் ஏறேல்லை."

"அப்ப பீற்றர் மாமா சொன்னதுதான் சரியோ?"

"பாதி சரி. ஏறினது கொப்பர், உன்ர அப்பா. உன்னையும் என்னையும் அந்த எஞ்சினையும் தள்ளிக்கொண்டு, நெஞ்சளவு பனிக்குள்ளால ஓடி ஏறினவர். அதை இண்டைக்குத்தான் எனக்கே சொன்னவர்."

அந்தப் பக்கத்தில் கதவு ஒன்று சாத்தப்படுவது கேட்டது. பிறகு ஆரணனின் குரல் வந்தது.

"அப்பாவை அங்கயே நிக்கச் சொல்லுங்கோ அம்மா. நான் வாறன்."